மடக்கி வைத்த கத்தி

1

கத்தியைப் பற்றி ஒழுக்க விசாரணை தொடங்குகிற எவரும் ஒரு வாக்கியத்தைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருக்கிறது. கத்தி தன்னளவில் நல்லதுமில்லை, கெட்டதுமில்லை. வைத்தியன் கையில் உயிர் காக்கும், கொலைகாரன் கையில் உயிர் வாங்கும் என்பது அந்த வாக்கியம். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்து அணுசக்தி பற்றிய கருத்தரங்கு வரை இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியாகிவிட்டது. நானும் வெகுகாலம் இதை நம்பினேன். இப்போது இது ஒரு கருத்தாகவே எனக்குப் படவில்லை. யோசனையை அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள உதவும் சௌகரியமாகப் படுகிறது. இந்த வாக்கியத்தில் வரும் கத்தி எப்போதும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது, வேலை செய்துகொண்டிருக்கிறது. வேலை இல்லாதபோது அது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்க விரும்புவது அதைத்தான். யாரையும் காப்பாற்றாமல், யாரையும் குத்தாமல், நாள் முழுவதும் பையில் மடங்கிக் கிடக்கிற கத்தி, அதை வைத்திருப்பவனை என்ன செய்கிறது?

கத்தி என்றதும் நம் வட்டத்தில் பலருக்கு விமர்சனம் ஞாபகம் வரும். அந்த உருவகத்துக்குள் நான் போகப்போவதில்லை. நான் பேசுவது மூன்று அங்குலத்துக்கும் குறைவான இரும்பைப் பற்றி.

என்னிடம் இருப்பது அப்பாவுடைய பேனாக்கத்தி. 1985ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில், அது எரிவதற்குப் பல வருஷங்கள் முன்பு, பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கியது. கொம்புப் பிடி. துருப்பிடிக்கும் எஃகு, எலுமிச்சம்பழம் அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துப்போகும். அலகின் முதுகோரம் நகம் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. கட்டைவிரல் நகத்தை அதில் கொடுத்து இழுத்தால்தான் திறக்கும். அப்பா குமாஸ்தா. அதை வைத்துப் பென்சில் சீவுவார்; இன்லண்டு கடிதத்தின் ஓரங்களை எழுத்து அறுபடாமல் பிரிப்பார்; ரயிலில் மாம்பழம் நறுக்கித் தருவார். என்னிடம் வந்த பிறகு பென்சிலும் இன்லண்டும் குறைந்து, பிரஸ்ஸிலிருந்து வரும் புத்தகக் கட்டுகளின் சணல், அப்புறம் கூரியர் உறைகள் என்று ஆயிற்று. இன்றைக்கு மயிலாப்பூர் அடுக்குமாடி வீடுகளில் கத்தியின் பிரதான ஜோலி பார்சல் பிரிப்பது. அதற்கும், மழுங்கினால் நுனியை ஒடித்துப்போட்டு அடுத்ததை நீட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டரே போதும். மளிகைக் கடைக்காரர்கள் பொட்டலத்துச் சணலை விரலில் சுற்றிச் சுண்டியே அறுத்த ஊர் இது. அவர்களுக்குக் கத்தி வேண்டியிருக்கவில்லை.

அடையாறில் இருக்கும் கவிஞ நண்பர் ஒருவர் ஸ்விஸ் கத்தி வைத்திருக்கிறார். கார்ல் எல்ஸனர் 1897ல் பதிவு செய்துகொண்ட ‘அதிகாரிகள் கத்தி’யின் வம்சம். அதில் அடங்கியிருக்கிற சாமான்களில் திருப்புளியையும் பாட்டில் திறக்கிற கொக்கியையும்தான் நண்பர் இதுவரை உபயோகித்திருக்கிறார். பல வேலைக்கு ஒன்றாகக் கொல்லர்கள் செய்துவிடுகிற டெல்ஃபிக் கத்தியைப்போல இயற்கை எதையும் கஞ்சத்தனமாகப் படைப்பதில்லை என்று அரிஸ்டாட்டில் தமது அரசியல் நூலின் தொடக்கத்தில் சொல்கிறார். ஒரு கருவிக்கு ஒரு வேலை என்று இருந்தால்தான் அது சிறக்கும் என்பது அவர் கட்சி. இதை நண்பரிடம் சொன்னேன். “தேவைப்படும்போது இருக்கும்” என்றார். கத்தி வைத்திருக்கிற என் போன்றவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறோம். எங்கள் தெருவுக்கு மின்சார வேலைக்கு வருபவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. ஒயரின் மேலுறையைச் சீவிக்கொண்டிருந்தவரிடம், எப்போதும் கத்தி வைத்திருப்பீர்களா என்று கேட்டேன். கேள்வி புரியாதவர்போல என்னைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவருக்குக் கத்தி ஒரு தேவைக்காகக் காத்திருக்கவில்லை.

தேவைப்படும்போது இருக்கும். எந்தத் தேவை?

2

சில வருஷங்களுக்கு முன் தீபாவளிக்கு முந்தின வாரம். உஸ்மான் சாலையில் நானும் மனைவியும் துணிக்கடைப் பைகளோடு நடந்துகொண்டிருந்தோம். அந்த வாரத்து தியாகராய நகரைத் தெரிந்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. நடைபாதையிலேயே ஏறி வந்த ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடி மனைவியின் முழங்கையில் இடித்தது. நான் ஏதோ சொன்னேன். அவன் அதைவிட மோசமாக ஒன்று சொன்னான். வண்டியை நிறுத்தி இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வியர்வையும் கோபமும் கலந்த முகம். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அவ்வளவுதான் சம்பவம். நாலு பேர் நடுவில் வந்து விலக்கினார்கள். அவன் போய்விட்டான். மனைவி, “இந்த வயசில் ரோட்டில் சண்டையா” என்று கடிந்துகொண்டாள். காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஆனால் அவன் என் சட்டையைப் பிடித்திருந்த அந்த நேரத்தில் என் வலது கை பாண்ட் பைக்குள் போயிருந்தது. பைக்குள்ளேயே கத்தியைத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரல் நகம் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்து அதில் பதிந்திருந்தது. நான் அதை அனுப்பவில்லை. இருபது வருஷமாகச் சணல் அறுத்தும் பழம் நறுக்கியும் பழகிய வழியில் கை தானாகவே போயிருந்தது. வெளியே எடுத்திருப்பேனா என்று என்னை நானே பலமுறை கேட்டாகிவிட்டது. எடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்வதற்கு என்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம், நான் அப்படிப்பட்டவன் அல்ல என்ற என் நம்பிக்கை. அந்த நகம் பள்ளத்தில் பதிந்ததும் அதே ‘நான்’ வைத்துக்கொண்டிருந்த விரலில்தான்.

குற்றம் எதுவும் நடக்கவில்லை. சாட்சியும் கிடையாது. சட்டையைப் பிடித்தவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற மனைவிக்கும் தெரியாது. இப்படி ஒன்று நடந்தது என்பதற்கு உலகத்தில் என்னைத் தவிர வேறு தடயம் இல்லை. தார்மீகப் பிரச்சினை என்று எதையாவது நான் ஸ்தூலமாக அனுபவித்திருக்கிறேன் என்றால் இதைத்தான். செய்த காரியத்துக்கு வருந்தலாம், பிராயச்சித்தம் தேடலாம். கை போன தூரத்துக்கு என்ன செய்வது?

மறுநாள் கத்தியை மேஜை இழுப்பறையில் போட்டேன்.

3

சட்டம் இந்த விஷயத்தை அதன் வழியில் யோசித்திருக்கிறது. 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ வடிவமைக்கப்பட்ட எதையும் ஆயுதம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டும் என்று செய்த பொருள்களை, சாதாரணக் கைத்தடி போன்றவற்றை, விலக்கி வைக்கிறது. 1962ம் வருஷத்து விதிகளும் அவற்றுக்குப் பதிலாக வந்த 2016ம் வருஷத்து விதிகளும் கத்தி விஷயத்தில் ஓர் அளவைக் கொடுக்கின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால் ஆயுத வகையில் சேரும்; அப்போதும் வீடு, விவசாயம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தது என்றால் சேராது. சட்டம் அலகை அளக்கிறது. கொல்லன் எதற்காகச் செய்தான் என்று கேட்கிறது. இரண்டும் நியாயமான கேள்விகள். என் கத்தி இரண்டிலும் தேறிவிடும். உஸ்மான் சாலையில் அது பைக்குள் இருந்தபோதும் தேறியிருக்கும்.

என் கத்தியின் பெயரே அதன் நிரபராதித்தனத்துக்குச் சாட்சி சொல்கிறது. பறவை இறகைச் சீவிப் பேனாவாக்குவதற்கு என்று வெள்ளைக்காரன் வைத்திருந்த சின்னக் கத்தி அது. இறகு போய் உலோக முள் வந்த பிறகும் பெயர் நின்றுவிட்டது. தமிழிலும் பேனாக்கத்தி ஆகிவிட்டது. நமக்கு அதற்கு முந்தியும் ஒன்று இருந்தது. உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுத்தாணி வகைகளைப் பற்றிச் சொல்கிறார். குண்டெழுத்தாணிக்குத் தலையில் கனத்த கொண்டை. வாரெழுத்தாணியில் அந்தக் கொண்டை இருக்கும் இடத்தில் கத்தி. பனையோலையை வாரவும் நறுக்கவும். மடக்கெழுத்தாணி என்றே ஒன்று உண்டு, மடக்கி வைத்துக்கொள்ளலாம். ஐயர் காலமான மறுவருஷம், 1943ல், அவர் பெயரால் தொடங்கப்பட்ட நூல்நிலையம் இப்போது பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்கே இருக்கிற சுவடிகளில் ஒவ்வோர் ஏடும் எழுதப்படுவதற்கு முன் ஒரு கத்தியால் ஓரம் வாரப்பட்டதுதான். எழுதுகிறவன் கத்தி வைத்திருப்பது நம் மரபிலேயே சகஜம் என்று நான் ஒரு காலத்தில் இதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதே மரபில் இன்னொரு கத்தியும் இருக்கிறது. பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்து மூவர் விழாவன்று மாடவீதிகளில் நாயன்மார்கள் வரிசையாகப் போவார்கள். அவர்களில் ஒருவர் திருக்கோவலூர் அரசர் மெய்ப்பொருள் நாயனார். அவரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன் நீறு பூசிச் சடை முடித்து வருகிறான். கையில் புத்தகப் பை. யாருக்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று இருக்கிறது, சொல்கிறேன் என்கிறான். அரசர் அவனை ஆசனத்தில் இருத்திவிட்டுத் தான் தரையில் உட்காருகிறார். பையைப் பிரித்தால் உள்ளே கத்தி. குத்துப்பட்டவர், வாளோடு பாய்ந்த காவலன் தத்தனைத் தடுத்து, இவனை யாரும் தொடாமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடு என்று கட்டளையிடுகிறார். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடியது.

இந்தக் கதையை நாயனாரின் பக்திக்காகச் சொல்வார்கள். எனக்கு இப்போது அந்தப் பைதான் முக்கியமாகத் தெரிகிறது. முத்தநாதனின் கத்தி ஓலை வாருகிற சின்னக் கத்தியாகவே இருந்திருந்தாலும் கதை மாறாது. புத்தகம் இருக்கவேண்டிய இடத்தில் அது இருந்தது; யாருக்கும் தெரியாமல் இருந்தது. சட்டம் அளக்கிற 9 அங்குலம் இங்கே எதையும் தீர்மானிக்கவில்லை.

4

என் அம்மா கடைசிவரை கத்தியைத் தொட்டதில்லை. அவளுக்கு அரிவாள்மணைதான். கால்களை மடக்கி உட்கார்ந்து, பலகையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, வாழைக்காயை இரண்டு கையாலும் பிடித்து அலகின்மேல் தள்ளுவாள். யோசித்துப் பார்த்தால் வினோதமான கருவி அது. கத்தி நகர்வதில்லை. அறுபட வேண்டியது அதைத் தேடி வருகிறது. கையை ஓங்குவதற்கு அங்கே வழியே இல்லை. அதை யாரும் பையில் போட்டுக்கொண்டு வெளியே போக முடியாது. அதற்குச் சமையலறையில் ஓர் இடம் உண்டு. வேலை முடிந்ததும் சாய்த்து வைக்க வேண்டும், நிமிர்த்து வைக்கக் கூடாது, தாண்டக் கூடாது. சமையல் மேடை வந்து பெண்கள் நின்று சமைக்கத் தொடங்கியதும் அரிவாள்மணை போயிற்று, கத்தி கைக்கு வந்தது. முதுகு வலியோடு உட்கார்ந்திருந்த அம்மாவை நினைத்தால் அதற்காக வருந்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு கருவி உட்கார்ந்த இடத்திலேயே இருப்பது என்ற ஸ்திதியின் அர்த்தம் அதோடு போய்விட்டது என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

அம்மாவின் இன்னொரு கட்டளை, கத்தியைக் கையில் கொடுக்காதே, கீழே வை என்பது. கையோடு கை கொடுத்தால் சண்டை வரும். மேல்நாட்டிலும் கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் வாங்குகிறவர் ஒரு காசு கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சிநேகம் அறுந்துபோகும் என்கிறார்கள். மூடநம்பிக்கை என்று சிரித்திருக்கிறேன். கைமாறுகிற அந்தக் கணத்தை நிறுத்திப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. ஒருவனிடம் பிடி இருக்கிறது, மற்றவனிடம் அலகு. அம்மாவின் விதி அந்தக் கணத்தை இல்லாமல் செய்துவிடுகிறது. வைக்கிறவன் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறான். எடுக்கிறவன் தன் இஷ்டத்தில், தன் பொறுப்பில் எடுக்கிறான். நடுவில் தரை இருக்கிறது.

அஹிம்சையைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட இரண்டு துறவு மரபுகளும் இந்தக் கேள்வியில் பிரிகின்றன. பௌத்த பிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்த எட்டுப் பொருள்களில், சீவரங்கள், பாத்திரம், இடைக்கச்சை, ஊசி, நீர் வடிகட்டி இவற்றோடு ஒரு சவரக்கத்தியும் உண்டு. உலகத்தில் எட்டே பொருள் வைத்திருப்பவனிடமும் ஒரு கூர்மை இருக்கலாம். அவனை நம்பலாம் என்பது அந்த மரபின் முடிவு. சமண முனிவர் அதையும் விட்டுவிட்டார். தலைமயிரைக் கையாலேயே பிடுங்கிக்கொள்கிறார். கருவி இருந்தால் அதைத் தேட வேண்டும், காக்க வேண்டும், தீட்ட வேண்டும். கொஞ்சங்கொஞ்சமாக மனம் அதைச் சுற்றிக்கொள்ளும். வலியை ஏற்றுக்கொண்டு கருவியை மறுத்தது அந்த மரபு.

கத்தியை இழுப்பறையில் போட்ட பிறகு நான் சமணர் பக்கம் போய்விட்டதாக நினைத்துக்கொண்டேன். உறைகளைப் பல்லால் கிழித்தேன். சாணை பிடிக்கிறவரின் சைக்கிள் தெருவில் வந்தபோது கூப்பிடவில்லை. ஆயுதபூஜையன்று மட்டும் அதை எடுத்துத் துடைத்துச் சந்தனமிட்டுப் புத்தகங்களோடு வைத்தேன். அன்று எந்தக் கருவியையும் உபயோகிக்கக் கூடாது. விஜயதசமியன்று திரும்ப எடுத்து வேலை தொடங்க வேண்டும். நான் மறுபடி இழுப்பறையில் போட்டேன். மனசில் ஒரு சுத்தம் இருந்தது. அந்தச் சுத்தம் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது என்பதை அப்போது கவனிக்கவில்லை.

5

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் லஸ் முனையில், கச்சேரி சாலை திரும்புகிற இடத்தில், ஒரு ஸ்கூட்டர் சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநுனி அவள் கழுத்தில். விழுந்த வேகத்தில் சுருக்கு இறுகிவிட்டது. கூட்டம் கூடி ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. இழுக்க இழுக்க இறுகிற்று. நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். என் கை பாண்ட் பைக்குள் போயிற்று. அதே கை, அதே வழி. அங்கே சாவிக்கொத்து இருந்தது.

நடைபாதையில் பூ விற்கிற அம்மாள் ஒருத்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் வாழைநார் நறுக்குகிற கத்தி. பிடியில் துணி சுற்றியது, தேய்ந்து பாதியானது. கழுத்துக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரலைக் கொடுத்து, விரலுக்கு மேலே வைத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். துணி விட்டது. பெண்ணுக்கு இருமல் வந்தது, அப்புறம் மூச்சு வந்தது. அந்த அம்மாள் யாரோ கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் தன் இடத்துக்குப் போய், பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரில் கத்தியை அலம்பிச் சாக்கின்மேல் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடுக்க ஆரம்பித்தாள்.

கத்தி வைத்திருக்க வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது சுலபம். முதலில் சொன்ன வாக்கியத்துக்கே அது என்னைக் கொண்டுபோய் விடும்: பார், நல்லவள் கையில் கத்தி. எனக்கு வேறொன்று உறைத்தது. என் இழுப்பறைக் கத்தி யாரையும் குத்தவில்லை என்பதைப் போலவே, யாரையும் விடுவிக்கவும் இல்லை. உஸ்மான் சாலையில் நடக்காத குற்றத்துக்காக நான் செய்துகொண்ட பிராயச்சித்தம் என் மனசின் சௌகரியத்துக்காகச் செய்தது; அதன் விலையை லஸ் முனையில் இன்னொருத்தி கொடுத்திருப்பாள். வலியைத் தான் ஏற்றுக்கொண்டவர் சமண முனிவர். நான் அதை யார் தலையிலோ வைத்திருந்தேன்.

அதற்கப்புறம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் கத்தியைப் பார்க்கிறேன். அது பூக்குவியலுக்கும் நார்க்கட்டுக்கும் நடுவில், போகிற வருகிற எல்லோருக்கும் தெரிகிறபடி கிடக்கிறது. அதற்குப் பை கிடையாது. அவளிடம் கத்தி இருப்பது பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியும், வீதியைக் கூட்டுகிறவருக்குத் தெரியும், கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலை குருத்துவாராவுக்கு வருகிற சீக்கியர் கிர்பான் தரித்திருப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அரசியல் சாசனத்தின் 25வது பிரிவு அதை மதத்தின் அங்கமாகவே வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. கிருபை என்ற சொல் அந்தப் பெயருக்குள் இருப்பதாக அவர்கள் பொருள் சொல்வதுண்டு. பூக்காரியின் கத்தி வேலைக்கு, கிர்பான் விரதத்துக்கு. இரண்டையும் பிறர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வைத்திருப்பவரின் கையைத் தெருவே கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

என் கத்தியை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. நான் இத்தனை நாளாக அதன் கூர்மையைப் பற்றி யோசித்தேன். கோளாறு பையில் இருந்தது. மடக்கி வைப்பது பிறருக்குக் காயம் படாமல் இருக்க என்று நினைத்தோம். அது உண்மைதான். ஆனால் அதே மடிப்பு பிறர் கண்ணிலிருந்தும் அதை எடுத்துவிடுகிறது. அப்புறம் தனக்கும் கத்திக்கும் நடுவே ஒரு ரகசியம் வளர்கிறது. ‘தேவைப்படும்போது இருக்கும்’ என்ற வாக்கியத்தில் எந்தத் தேவை என்பது சொல்லப்படாமல் இருப்பது இந்த ரகசியத்தால்தான். மின்சார வேலைக்காரரிடம் அந்த ரகசியம் இல்லை. அதனால்தான் என் கேள்வி அவருக்குப் புரியவில்லை.

பத்தொன்பது வருஷம் தீட்டாமலே புதுசுபோல வைத்திருந்த சமையற்காரன் ஒருவனின் கத்தியைப் பற்றிச் சீனத்து ஜுவாங்ஸி ஒரு கதை சொல்கிறார். எலும்பில் மோதாமல், மூட்டுகளுக்கு நடுவே ஏற்கெனவே இருக்கிற வெளியில் அது நுழைந்து போகுமாம். அரசன் அதைப் பார்த்து, வாழ்வது எப்படி என்று கற்றுக்கொண்டேன் என்கிறான். அந்தச் சாமர்த்தியம் எனக்கில்லை. அந்தச் சமையற்காரனும் அரசன் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வெட்டினான் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

அன்றிரவு மனைவியிடம் உஸ்மான் சாலையில் என் கை எங்கே போயிருந்தது என்பதைச் சொன்னேன். வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்” என்றாள்.

பிறகு எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்து வந்தாள். நகத்தால் திறந்து பார்த்தாள், மழுங்கியிருக்கிறது என்றாள். மடக்கினாள். என்னிடம் நீட்டவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.